தாடியில் படாத மாஸ்க்

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்.

நேற்று நான் செய்த ஒரு தவறை முதலில் எழுதிவிடுகிறேன். காலை ஏழே முக்காலுக்கு வீட்டில் சமையல் கேஸ் கசிந்தபோது நான் ஓடிப்போய் மேல் ஜன்னலைத் திறந்தேன். பின்கதவைத் திறந்திருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். நான் போகும் மாலை வகுப்பில் மார்ட்டின் சார் போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டியது என் நோட்டில் அப்படியே இருக்கிறது. தேர்வில் சரியாக எழுதினேன். வீட்டில் தப்பாகச் செய்தேன்.

நடந்தது இதுதான். அண்ணன் அடுப்பங்கரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அடுப்பின் மேல் பால் பாத்திரம். குமிழ் முழுக்கத் திருப்பியிருந்தது, தீ இல்லை. உஸ் என்று சத்தம் மட்டும். வாசல் வரை நாற்றம் அடித்தது. அவன் கையில் லைட்டர்.

"யாழு, பால் இன்னும் பொங்கவே இல்ல பாரு" என்றான்.

ஈரத் தலையோடு ஓடிவந்த அண்ணி அவன் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். பிறகு குமிழை மூடினாள். நான் ஜன்னலுக்குப் போனேன். பின்கதவைத் திறந்ததும் அண்ணிதான். அவள் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

அம்மா அப்போதுதான் ராஜகோபுரத்துப் பூக்கடையிலிருந்து கட்டுவதற்கு மல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். கூடையை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"வாசனையே தெரியாத மனுஷன அடுப்படில தனியா விட்டுட்டு உனக்கு என்னடி குளியல்?"

"பத்து நிமிஷம்தான் அத்தை."

"அங்கயும் பத்து நிமிஷத்துலதான் ஆச்சு."

அண்ணி ஏழு மாத வயிற்றோடு குனிந்து லைட்டரைப் பொறுக்கினாள்.

அண்ணன் பெயர் அன்புச்செல்வன். வடக்கே ஒரு எண்ணெய்க் கிணற்றில் காண்ட்ராக்ட் வேலை. இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் ஸ்ரீரங்கத்தில் என்று நான்கு வருடம் போய்வந்தான். ஜூன் 14 அன்று அங்கே விஷவாயு தாக்கியது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. ஹைட்ரஜன் சல்பைடு என்று எங்கள் பாடத்தில் வரும். இப்போது அவனுக்கு வாசனை தெரியாது. கை நடுங்கும். சொன்னது மறந்து மறுபடி சொல்வான். மூச்சு வாங்கும். கம்பெனி கடிதம் கொடுத்து அனுப்பிய தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் வைத்திருந்து, மூச்சு மருந்து மிஷின் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையும் மாலையும் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகையை இழுக்க வேண்டும்.

அவனுக்கு நெஞ்சு வரை தாடி.

அண்ணி உண்டாகியிருப்பது பிப்ரவரியில் தெரிந்தது. எங்கள் வீடுகளில் மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் பிள்ளைக்கு ஆகாது. அப்பாவும் அப்படித்தான் வைத்திருந்தார் என்று அம்மா சொல்வாள். மே மாதம் அண்ணன் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் கம்பெனியிலிருந்து அவன் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. என்னிடம் நீட்டினான்.

"சேஃப்டி மேடம், இது என்ன சொல்லுது பாருங்க."

தொழிற்பாதுகாப்பு வகுப்பில் நான் ஜனவரியில் சேர்ந்ததிலிருந்து அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். படித்துச் சொன்னேன். முகத்தில் முடி இருந்தால் மாஸ்க் ஒட்டி உட்காராது, இடுக்கு வழியாக வாயு போய்விடும், எல்லோரும் மழித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"உன் தாடி, நீ சொல்லு."

இதுதான் நான் சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் அம்மாவிடம் கேட்டான். அம்மா, "பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் மொட்டையே போட்டுக்க" என்றாள். அவன் தாடியோடு போனான். அங்கே யாரும் தடுக்கவில்லை. மாஸ்க் பாடம் எங்களுக்கு ஜூலையில்தான் வந்தது. நான் வற்புறுத்தாமல் விட்டதற்கு அது ஒரு காரணமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். காரணம் இல்லை. மெசேஜிலேயே எல்லாம் இருந்தது.

இப்போது அந்தத் தாடியின் மேல்தான் மூச்சு மருந்து மாஸ்க்கை வைக்கிறோம். பாதிப் புகை ஓரத்தில் வழிந்து போகிறது. டாக்டர் இரண்டு முறை மழிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தபோதும் அம்மா விடவில்லை. "ஒண்ணுதான் இப்படி ஆயிடுச்சு. வயித்துல இருக்கறதையாவது முழுசா விடுங்க" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தெருவில் நாலு பேச்சு கேட்க வேண்டியிருக்கிறது. தாடியால்தான் போச்சு என்கிறார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "வயித்துல வந்ததோட நேரம்" என்று அண்ணியைப் பார்த்துச் சொல்வாள். வேறு யாரைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, வழுவழுவென்ற முகம். தாடைப் பக்கம் மட்டும் வேறு நிறமாக, வெயில் படாத தோல்.

"யாரு வேணும்?" என்றாள் அம்மா.

"அம்மா, நான் நஸ்ருல்லா. பாலக்கரை."

அம்மா கட்டிய பூவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அண்ணனோடு அதே கிணற்றில் வேலை பார்ப்பவர். வாயு தாக்கியபோது அவனைக் குழியிலிருந்து தூக்கியவர். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பார்த்திருக்கிறோம். அப்போது மார்பு வரை தாடி இருந்தது.

"என்னப்பா இது முகம்?"

"அன்புக்கு ஆனப்புறம் எல்லாரையும் மழிக்கச் சொல்லிட்டாங்கம்மா. மழிச்சாத்தான் கேட்டுக்குள்ள விடுவாங்க. பத்தொம்பது வருஷத் தாடி. வீட்டுக்குப் போனா சின்னவ, அத்தா எங்கன்னு என்கிட்டயே கேக்குறா. வீட்டுக்காரி ஹாஜிரா பேசவே இல்ல, சோத்தை வெச்சிட்டுப் போயிட்டா."

அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தான். "பாய், டீ சாப்பிட்டீங்களா?" என்றான். அவர் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் நான்கு முறை கேட்டான். அவர் நான்கு முறையும், "இப்பத்தான் குடிச்சேன் மாப்ள" என்றார்.

அண்ணி சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள். "அண்ணே, இவரு மழிச்சிட்டு வந்திருந்தா தப்பிச்சிருப்பாரா?"

நஸ்ருல்லா என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்னு எங்கயும் வரக்கூடாது தங்கச்சி. ஞாயித்துக்கிழமை நான் திரும்பப் போறேன். மூணு புள்ளைங்க."

"வராது."

அதன் பிறகுதான் சொன்னார். கிணற்று வாயைச் சுற்றிப் பத்தடி ஆழத்துக்கு ஒரு கான்கிரீட் குழி உண்டு. அதில் தேங்கும் சேற்றுத் தண்ணீரை இறைக்கும் பம்பு அன்று காலையில் அடைத்துக்கொண்டது. ஏழு மணிக்கு முட்டை நாற்றம் அடித்தது. எட்டு மணிக்கு நாற்றம் இல்லை. சூப்பர்வைசர், "வாசனை போயிடுச்சு, இறங்கு" என்றார். அண்ணன் இறங்கினான்.

என் நோட்டில் இது இருக்கிறது. அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றால் ஓட வேண்டும். ஜூலை 16 என்று தேதி போட்டு அடிக்கோடிட்டிருக்கிறேன்.

"மீட்டர் ஒண்ணு இருக்கு. வாயு இருந்தா கத்தும்" என்றார் நஸ்ருல்லா. "அடிக்கடி கத்துதுன்னு மேஜை டிராயர்ல போட்டுட்டாங்க."

"மாஸ்க்?" என்றேன்.

"ரெண்டு. நாங்க பதினோரு பேரு. ரெண்டும் சூப்பர்வைசர் ரூம்ல, பெட்டி சீல் உடைக்காம இருக்கு. மேல இருந்து ஆளு வர்ற அன்னிக்கு எடுத்துத் தொங்கவிடுவாங்க." தன் மோவாயைத் தடவினார். தாடி இருந்த பழக்கத்தில் கை மார்பு வரை இறங்கிவிட்டு நின்றது. "அன்போட தாடியில மாஸ்க் பட்டதே இல்லம்மா. நானே ஒரு துண்டை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டுத்தான் இறங்கினேன். அது ஒண்ணும் தடுக்காதுன்னு அப்புறம்தான் சொன்னாங்க. அல்லாஹ் காப்பாத்தினான், அவ்வளவுதான்."

"இப்ப எத்தனை மாஸ்க் இருக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"இப்பவும் ரெண்டுதான். எல்லாரும் மழிச்சிட்டோம், அதான் வித்தியாசம்."

அம்மா பூவை மறுபடி எடுத்தாள். கட்டின சரம் முழுவதும் இடைவெளி விட்டு விட்டு வந்தது, இரவு பிரித்துக் கட்டினாள்.

நேற்றைய பதிவு இவ்வளவுதான். எழுத நேரமில்லாமல் விட்டதை இன்று எழுதியிருக்கிறேன்.

இன்று.

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மூன்று மணிக்கு வந்தேன். நாலரைக்கு நவநீதன் வந்தார். துவாக்குடியில் ஆள் எடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார், அண்ணனை அந்த வேலையில் சேர்த்தவர். கெட்டவர் இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். இன்றும் ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கைப்பிடியின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"டீ சாப்பிட்டீங்களாண்ணே?" என்றான் அண்ணன்.

"ஆச்சு தம்பி." பிறகு அம்மாவிடம் சொன்னார். "ஒரு சின்ன பேப்பர்ம்மா. மருமக ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். வைத்தியத்துக்குக் கம்பெனி லெட்டர் இந்த வாரத்தோட முடியுது. இது போனாத்தான் மேல நீட்டிப்பாங்க."

பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது, கீழே தமிழிலும் இருந்தது. அண்ணி என்னிடம் கொடுத்தாள். சத்தமாகப் படித்தேன். பணியாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்திருந்தும், அவர் தமது குடும்ப வழக்கத்தின் காரணமாகவும் தாயாரின் வற்புறுத்தலின் பேரிலும் முகச்சவரம் செய்துகொள்ள மறுத்து, அதனால் பாதுகாப்பு மாஸ்க் அணிய இயலாத நிலையில் விபத்துக்கு உள்ளானார் என்பதை மனைவியாகிய நான் அறிவேன்.

தாயார் என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாமா என்று இப்போதும் தெரியவில்லை.

"என்னைத்தான் எழுதியிருக்காங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"பொன்னுத்தாயின்னு பேரு போட்டிருக்கா?"

"பேரு இல்ல. தாயார்னு இருக்கு."

அம்மா மடியிலிருந்த நாரை உதறிவிட்டு எழுந்தாள். அண்ணியிடம் போனாள். "போட்டுடு. நான்தானே சொன்னேன். அதுல ஒண்ணும் பொய் இல்லையே. இவனுக்கு வைத்தியம் நடக்கட்டும்."

அண்ணி பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றவில்லை.

"அன்னிக்கு அந்த இடத்துல எத்தனை மாஸ்க் இருந்துச்சுங்க?" என்று நவநீதனிடம் கேட்டாள்.

"அது சைட் விஷயம்மா. நான் துவாக்குடியில உக்காந்திருக்கறவன்."

"யாரைக் கேட்டாத் தெரியும்?"

"விசாரணை ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கும்."

"அதைக் குடுங்க, படிச்சிட்டுப் போடறேன்."

"ரிப்போர்ட்டை வீட்டுக்குக் குடுக்கற வழக்கம் இல்லம்மா."

"எங்க வீட்டு வழக்கத்தை மட்டும் எழுதியிருக்கீங்களே."

அவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "மாஸ்க் இல்லன்னு யாராவது சொன்னாங்களா? பேரு சொல்லுங்க, நானே மேல எழுதறேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கீழே பார்த்தாள். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மட்டும், "நஸ்" என்று ஆரம்பித்தான். ஆனால் அவனுக்கு மிச்சம் வரவில்லை. எதையோ தேடுவது போலச் சுவரைப் பார்த்துவிட்டு, "டீ சாப்பிட்டீங்களாண்ணே?" என்றான். அவன் மறந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதக் கை கூசுகிறது.

நவநீதன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. அந்த மெசேஜ் வந்தப்ப நீங்கதான தம்பிக்குப் படிச்சுச் சொன்னீங்க?"

"ஆமா."

"என்னன்னு சொன்னீங்க?"

"தாடி இருந்தா மாஸ்க் முகத்துல ஒட்டாது, மழிச்சிட்டு வரணும்னு போட்டிருக்குன்னு சொன்னேன்."

"தம்பிக்குப் புரிஞ்சுது, இல்ல?"

"புரிஞ்சுது."

கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை, நானும் சேர்த்துச் சொல்லவில்லை.

அண்ணி பேனாவைப் பேப்பரின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து நீட்டினாள். "நான் போடலீங்க."

"இளவேனிலு" என்றாள் அம்மா. பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு நான் கேட்டது ரொம்ப நாளைக்கு அப்புறம்.

"அத்தை, நீங்க என்னைச் சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். இது அப்படி இல்ல. நீங்கதான் காரணம்னு நான் எழுதிக் குடுத்தா நாளைக்கு அங்க இன்னொருத்தரை இறக்கிவிடுவாங்க, மழிச்ச முகத்தோட. நான் போட மாட்டேன்."

நவநீதன் பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் அனுப்பாம வெச்சிருக்கேன். அப்புறம் ஆஸ்பத்திரியில லெட்டர் இல்லன்னு சொல்லிடுவாங்க. அந்த மிஷினும் அவங்களோடதுதான், திங்கக்கிழமை கேப்பாங்க." எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தார். திரையில் குரல் பதிவின் நிமிடம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. ஆபீஸ்ல ஆதாரம் கேப்பாங்க" என்று அதை நிறுத்தினார்.

அண்ணியின் கையெழுத்து அவர்களுக்கு இனி அவசியமே இல்லை. நான் சொன்னது போதும். குடும்பத்தில் படித்தவள், தொழிற்பாதுகாப்பு மாணவி, தெரிவிக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டாள். பொய் சொல்லியிருக்க வேண்டுமா? அல்லது அந்த மூன்று பதிலோடு நான்காவதாக, "எத்தனை மாஸ்க் என்று எழுதுங்கள்" என்று நானும் சொல்லியிருக்க வேண்டுமா? அதுவாவது பதிவாகியிருக்கும். அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.

அவர் போனதும் அண்ணி அலமாரியிலிருந்து அண்ணனின் ஷேவிங் டப்பாவை எடுத்தாள். பிப்ரவரியிலிருந்து திறக்காதது. பிளேடில் லேசாகத் துரு. என்னைக் கடைக்கு அனுப்பினாள். பிளேடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கத்தரிக்கோலால் பாதித் தாடியை வெட்டியிருந்தாள். அண்ணன் முதுகு நிமிர்த்தி, சலூனில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தான். வயிறு இடித்ததால் அண்ணி பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டியிருந்தது.

அம்மா தடுக்கவில்லை. பார்க்கவும் இல்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்து பூக் கட்டினாள். நாளை ஆடி வெள்ளி, எழுபது முழம் கட்டித் தர வேண்டும். அண்ணி நுரையை வழித்துக் கழுவ எழுந்ததும் அம்மா வந்து தரையில் கிடந்த முடியை ஒன்று விடாமல் கூட்டி எடுத்தாள். பூ சுற்றி வந்த வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து, நாரால் கட்டி, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

ஆறு மணிக்கு மிஷினைப் போட்டோம். மாஸ்க் முகத்தில் சரியாக உட்கார்ந்தது. ஓரத்தில் புகை வரவில்லை. வீட்டில் ஒரு ஆள், ஒரு மாஸ்க். திங்கள்கிழமை வரைக்கும்.

மருந்து முடிந்து மாஸ்க்கைக் கழற்றியதும் அண்ணன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். மோவாய், கழுத்து என்று எல்லா இடத்தையும் தடவினான். நடுங்கும் கையால் மறுபடி கன்னத்துக்கு வந்தான். பிறகு அண்ணியைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தான்.

"பொறந்துடுச்சா?"

அண்ணி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றாள். "இன்னும் இல்லீங்க. ரெண்டு மாசம் இருக்கு."

"அப்புறம் ஏன் எடுத்த?"

அவன் அதையும் மறந்துவிடுவான் என்று காத்திருந்தோம். மறக்கவில்லை. படுக்கப் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். வாசலில் அம்மாவின் கை மட்டும் நிற்காமல் கட்டிக்கொண்டிருந்தது.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. நோட்டு எடுக்கவில்லை.

நாளை: காலை ஆறரைக்குள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டும். அம்மாவுக்குப் பூ வேலை, அண்ணியால் நிற்க முடியாது, நான்தான் போக வேண்டும். ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் பேப்பர், ஆதார் நகல் இரண்டு. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டால் தாடியில் ஆரம்பிக்கக் கூடாது. பத்தடிக் குழி, ஹைட்ரஜன் சல்பைடு, மாஸ்க் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சீட்டில் எழுதச் சொல்லி, எழுதுகிறாரா என்று பார்க்க வேண்டும்.